பெயர் கடைசியில் வரட்டும்: டர்பன் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அறிவியலையும் அறிவியலாளர்களையும் அறிமுகப்படுத்தும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் நடக்கும் தமிழ் வகுப்பில் பல ஆண்டுகளாகச் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லி வருகிறேன். தொடக்கத்தில் ஓர் ஆண்டு, அறிவியலாளர்களை அறிமுகப்படுத்துவதாக எண்ணிக்கொண்டு, சுவரில் பன்னிரண்டு படங்களை ஒட்டி, ஒவ்வொருவரின் பெயரையும் பிறந்த ஆண்டையும் கண்டுபிடிப்பையும் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்தேன். ஆண்டு விழாவில் ஒரு சிறுவன் தலையில் பஞ்சு ஒட்டிக்கொண்டு ஐன்ஸ்டைனாக மேடையேறிக் கைதட்டல் வாங்கினான். இறங்கி வந்தவனிடம், “ஐன்ஸ்டைன் என்ன செய்தார்?” என்று கேட்டேன். “நாக்கை நீட்டினார், டீச்சர்” என்றான். அவன் மீது பிழையில்லை. நான் அவனுக்குக் காட்டியது ஒரு முகத்தை மட்டுமே.

அதன் பிறகு வரிசையைத் தலைகீழாக மாற்றினேன். முதலில் பிள்ளை கையால் தொடக்கூடிய ஒரு பொருள். அந்தப் பொருளிலிருந்து ஒரு கேள்வி. கேள்விக்கு ஒரு சிறிய சோதனை. அது முடிந்த பிறகே, அதே கேள்வியைக் கேட்ட ஒரு மனிதரின் கதை. பெயர் எல்லாவற்றுக்கும் கடைசி. ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வீட்டிலும் வகுப்பிலும் இதைச் செய்யும் முறையை, டர்பனில் நமக்குக் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே, படிப்படியாக இங்கு எழுதியிருக்கிறேன்.

முன்னேற்பாடு

வாங்க வேண்டியவை அதிகம் இல்லை. கோடு போடாத ஒரு நோட்டுப் புத்தகம், பூதக்கண்ணாடி, டார்ச் விளக்கு, தையல் நூல், அளவுகோல் ஆகியவை போதும். கடைகளில் அழகிய பெட்டிகளில் விற்கும் அறிவியல் விளையாட்டுப் பொருள்களை நான் பரிந்துரைப்பதில்லை. அவற்றில் விடை பெட்டியின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். நோட்டின் கடைசிப் பத்துப் பக்கங்களை, விடை கிடைக்காத கேள்விகளுக்கென்று முதல் நாளிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

மொழியைப் பற்றி ஒரு சொல். நம் பிள்ளைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே கேட்பார்கள், அதைத் தடுக்காதீர்கள். கேள்வி எந்த மொழியில் வந்தாலும், அதிலுள்ள பொருளின் பெயரை மட்டும் தமிழில் சொல்லிக் கொடுங்கள். ‘மகரந்தம்’ என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதிப் பத்து முறை சொல்ல வைத்தபோது தங்கவில்லை. விரல் நுனியில் மஞ்சள் பொடி ஒட்டியிருந்த நேரத்தில் ஒரே ஒரு முறை சொன்னபோது தங்கிவிட்டது.

முதல் படி: கொல்லைப்புறத்துப் பூசணிப் பூ

தொடங்குவதற்குப் பூசணிக் கொடியை விடச் சிறந்த ஆசிரியரை நான் பார்த்ததில்லை. செப்டம்பர் மாதத்தில் விதையை ஊன்றினால், ஏறத்தாழ இரண்டு மாதங்களில் பூக்கள் வந்துவிடும். முதலில் வருபவை ஆண் பூக்கள். நீண்டு மெலிந்த காம்பின் மேல் நிற்கும். சில நாள் கழித்து வரும் பெண் பூவின் இதழ்களுக்கு அடியில், சுண்டைக்காய் அளவில் ஒரு குட்டிப் பூசணி முன்கூட்டியே இருக்கும். இந்த வேறுபாட்டை நீங்கள் சொல்லாதீர்கள். “இந்தப் பூவும் அந்தப் பூவும் ஒன்றா?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பெரும்பாலான பிள்ளைகள் ஐந்து நிமிடத்துக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சோதனை இவ்வாறு. மறுநாள் காலையில் மலரப்போகும் மொட்டுகளின் நுனி முந்தைய மாலையிலேயே மஞ்சளாகத் தெரியும். அவற்றில் இரண்டு பெண் மொட்டுகளையும் ஓர் ஆண் மொட்டையும் தேர்ந்தெடுத்து, தேனீ நுழைய முடியாதபடி நுனியை நூலால் மெல்லக் கட்டிவிடுங்கள். காலை ஏழு மணிக்குள் ஆண் பூவைப் பறித்து, இதழ்களை உரித்து, நடுவில் நிற்கும் மஞ்சள் தண்டை ஒரு பெண் பூவின் நடுப்பகுதியில் பிள்ளையே தடவட்டும். பிறகு அந்தப் பூவை மீண்டும் கட்டிவிடுங்கள். மற்றொரு பெண் பூவைத் திறக்கவே வேண்டாம். இரண்டு காம்புகளிலும் வெவ்வேறு நிற நூலைக் கட்டி, தேதியையும் எது எந்தப் பூ என்பதையும் நோட்டில் எழுத வையுங்கள்.

ஒரு வாரத்தில் ஒன்று பருக்கத் தொடங்கும். மற்றொன்று வெளிறிச் சுருங்கி உதிரும். சில நேரம் தொட்ட பூவும் உதிர்வதுண்டு. மழையினாலோ கொடியில் ஏற்கெனவே நிறையக் காய் பிடித்திருப்பதாலோ அப்படி ஆகலாம். அப்போது பிள்ளை முகம் சுண்டும். ஆறுதல் சொல்லிச் சமாளிக்காமல், “அடுத்த முறை எத்தனை பூக்களில் செய்து பார்க்கலாம்?” என்று கேளுங்கள். ஒரு பூவை மட்டும் நம்பக் கூடாது என்பதை எந்தப் பாடநூலும் இவ்வளவு நன்றாகச் சொல்லாது.

இரண்டாம் படி: கதையை எங்கே நிறுத்துவது

பூசணி பருத்த பிறகே எட்மண்டின் கதையைச் சொல்லுங்கள். நமக்கு வடகிழக்கே, அதே இந்துமாக் கடலில் இருக்கும் ரியூனியன் தீவில், செயிந்த் சுசான் என்னும் ஊரில், 1829-இல் ஓர் அடிமைத் தாய்க்குப் பிறந்தவன் அவன். பெற்றெடுத்தபோதே தாய் இறந்துவிட்டாள். அக்காலத்தில் மெக்சிகோவிலிருந்து கொண்டுவரப்பட்ட வனிலாக் கொடி அந்தத் தீவில் நன்றாகப் படர்ந்தது, பூத்தது, ஆனால் காய்க்கவில்லை.

இந்த இடத்தில் கதையை நிறுத்துங்கள். “ஏன் காய்க்கவில்லை?” என்று கேளுங்கள். பூசணிச் சோதனை செய்த பிள்ளை நிச்சயம் பதில் சொல்லும். சொன்ன பிறகு தொடருங்கள். எட்மண்டின் எசமானர் பெல்லியே பொமோன் தாவரங்களில் ஈடுபாடு உடையவர். தர்ப்பூசணிப் பூக்களைக் கையால் சேர்த்துக் காய்க்க வைக்கும் முறையைச் சிறுவனுக்குக் காட்டியிருந்தார். வனிலாப் பூவில் ஆண் பகுதியும் பெண் பகுதியும் ஒரே பூவில் இருந்தாலும் இடையில் ஒரு மெல்லிய மடல் திரைபோல் மறைத்து நிற்கும். 1841-இல், பன்னிரண்டு வயதில், எட்மண்ட் ஒரு மெல்லிய குச்சியால் அந்த மடலைத் தூக்கி, கட்டைவிரலால் இரண்டையும் அழுத்திச் சேர்த்தான். இன்றும் உலகெங்கும் வனிலாத் தோட்டங்களில் நடப்பது அதே கைவேலைதான். பெல்ஜியத்தில் சார்ல் மோரன் என்னும் பேராசிரியர் 1836-லேயே வனிலாவைச் செயற்கையாகக் காய்க்க வைத்திருந்தார். ஆனால் தோட்டத்தில் ஆயிரக்கணக்கான பூக்களுக்குச் செய்யக்கூடிய எளிய வழியைக் கொடுத்தவன் எட்மண்டே.

கதையின் கசப்பான பகுதியையும் மறைக்காதீர்கள். அந்த முறையைத் தானே சொல்லிக் கொடுத்ததாகப் புகழ்பெற்ற தாவரவியலாளர் ஒருவர் உரிமை கோரினார். எசமானர் கடிதம் எழுதிச் சிறுவனுக்காக வாதாடினார். 1848-இல் அடிமை முறை ஒழிந்தபோது எட்மண்டுக்கு விடுதலையும் ‘அல்பியுஸ்’ என்ற குடும்பப் பெயரும் கிடைத்தன. தீவு வனிலாவால் செழித்தது. அவர் 1880-இல் வறுமையில் இறந்தார். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழிவந்த பிள்ளைகளுக்கு இந்தக் கதைக்கு விளக்கவுரை வேண்டியதில்லை. என் வகுப்பில் ஒரு சிறுமி கேட்ட ஒரே கேள்வி, “அவருக்குக் காசு கொடுக்கவே இல்லையா?” என்பதுதான்.

மற்ற எந்த அறிவியலாளரின் கதைக்கும் இதே அளவுகோலைக் கைக்கொள்ளலாம். சிக்கல் முற்றும் இடத்தில் கதையை நிறுத்த வேண்டும். அப்போது அவருக்கு என்ன வயது என்பதைச் சொல்ல வேண்டும். அவர் எங்கே தவறினார், அல்லது அவருக்கு யார் தவறிழைத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். பிறந்த ஊர், விருதுகள், பட்டங்கள் ஆகியவற்றை விட்டுவிட்டால் கதைக்கு எந்தக் குறையும் வராது.

மூன்றாம் படி: கடல் ஏன் நீலம்?

கடற்கரை நகரத்துப் பிள்ளைகள் இந்தக் கேள்வியை எப்படியும் ஒரு நாள் கேட்பார்கள். ‘வானத்தின் நிழல்’ என்று உடனே விடை சொல்லிவிடாதீர்கள். அது முழு உண்மையும் அன்று.

முதலில் வீட்டில் ஒரு சோதனை. நேரான பக்கங்களுள்ள கண்ணாடிப் பாத்திரத்தில் நீரை நிரப்பி, அறையை இருட்டாக்கி, ஒரு பக்கத்திலிருந்து டார்ச் ஒளியைச் செலுத்துங்கள். பிறகு பாலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக் கலக்குங்கள். பக்கவாட்டில் பார்த்தால் நீர் மெல்லிய நீலம் பூசியதாகத் தெரியும். எதிர்ப்பக்கத்திலிருந்து விளக்கை நோக்கினால் மஞ்சளும் செம்மையுமாகத் தெரியும். பாலை அதிகமாக ஊற்றிவிட்டால் எல்லாம் வெளுத்துப்போகும். ஆகவே சொட்டுகளை எண்ணி எழுத வையுங்கள். நீல ஒளி அதிகமாகச் சிதறுகிறது, சிவப்பொளி குறைவாகச் சிதறி நேராகப் போகிறது என்ற விளக்கத்தைப் பார்த்த பிறகு சொல்லலாம். பகல் வானம் நீலமாகவும் மாலை வானம் செம்மையாகவும் இருப்பதன் காரணம் அதற்குள்ளேயே இருக்கிறது.

அடுத்த ஞாயிறு, போலராய்டு வகைக் கறுப்புக் கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போங்கள். அலைதாங்கிப் பாலத்தில் நின்று கண்ணாடியைக் கண்முன் பிடித்து மெல்லச் சுழற்றினால், நீரின் மேல் மின்னும் பிரதிபலிப்பு ஒரு நிலையில் மங்கும். அதன் அடியிலுள்ள நிறம் அப்படியே நிற்கும். கடலின் நிறம் வானத்தின் பிரதிபலிப்பு மட்டுமானால், அதுவும் கூடவே மறைந்திருக்க வேண்டுமல்லவா?

1921-இல் முப்பத்திரண்டு வயதான ஒரு தமிழர், இங்கிலாந்திலிருந்து கல்கத்தாவுக்குத் திரும்பும் வழியில், நார்குண்டா என்னும் கப்பலின் தளத்தில் நின்று மத்தியதரைக் கடலை இதே முறையில் பார்த்தார். அவர் கையில் இருந்தது நிக்கோல் பட்டகம் என்னும் சிறு கருவி, வேலை ஒன்றுதான். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு என்று அந்நாளில் பெரிய அறிஞர் ரேலி சொல்லியிருந்ததை அவர் மறுத்தார். நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்றார். நீர் சிவப்பொளியை விழுங்குவதும் கடலின் நீலத்துக்குப் பெரிய காரணம் என்பது இன்றைய விளக்கம். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆனால் அந்தக் கப்பல் தளத்துக் கேள்வியைத் தொடர்ந்து சென்றதால்தான், 1928 பிப்ரவரி 28-இல், சிதறும் ஒளியின் ஒரு சிறு பங்கு நிறம் மாறுகிறது என்பதை அவரும் அவருடைய மாணவர் கே.எஸ். கிருஷ்ணனும் கண்டார்கள். 1930-இல் நோபல் பரிசு வந்தது. சி.வி. ராமன் என்ற பெயரை இப்போது சொல்லலாம். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் நம்மவர்கள் வந்திறங்கிய துறைமுகம் அந்தப் பாலத்திலிருந்து பார்த்தாலே தெரியும் தூரத்தில் இருப்பதால், கப்பலில் நின்ற ஒருவர் என்றதும் பிள்ளைகள் கூர்ந்து கேட்பார்கள்.

நான்காம் படி: சமையலறை மீன்

ஜூன், ஜூலையில் தென்கரைக்குச் சார்டின் மீன் கூட்டம் வந்து, ஊரே வாளியும் கையுமாக ஓடும் நாள்களில், குழம்புக்குப் போகும் முன் ஒரு மீனைப் பிள்ளையிடம் கொடுத்துத் துடுப்புகளை எண்ணச் சொல்லுங்கள். முதுகில் ஒன்று, வால் ஒன்று, அடிப்பக்கத்தில் ஒன்று, இரண்டு இணைகள்; ஆக ஏழு. துடுப்பு விசிறிபோல் உடம்பிலிருந்து நேராகக் கிளம்புவதையும் வரையச் சொல்லுங்கள். பிறகு, சதைப்பற்றுள்ள கால்போன்ற தண்டின் முனையில் துடுப்பு முளைத்த ஒரு மீனின் படத்தைப் பக்கத்தில் வையுங்கள். அதுதான் சீலக்காந்து.

1938 டிசம்பர் 22 அன்று, நம் நாட்டுத் துறைமுக நகரான ஈஸ்ட் லண்டனின் அருங்காட்சியகத்தைக் கவனித்து வந்த மார்ஜரி கோர்ட்னி லாட்டிமர், மீன்பிடிப் படகுக்காரர்களுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்லத் துறைக்குப் போனார். மீன் குவியலின் அடியில் ஒரு நீலத் துடுப்பு நீட்டிக்கொண்டிருந்தது. ஒன்றரை மீட்டர் நீளமும் ஐம்பத்தேழு கிலோ எடையும் உள்ள அந்த மீனை ஏற்ற வாடகைக் கார் ஓட்டுநர் தயங்கினார். குளிர்ப்பெட்டியில் வைக்கப் பிணவறையும் இடம் தரவில்லை. பல்கலைக்கழகப் பட்டம் இல்லாத அந்த முப்பத்தோரு வயதுப் பெண், தாம் வரைந்த படத்தை மீனியல் அறிஞர் ஜே.எல்.பி. ஸ்மித்துக்கு அனுப்பினார். ஏறத்தாழ ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்ததாக எல்லோரும் நம்பிய இனம் அது. அவர் பெயராலேயே அதற்கு ‘லாட்டிமேரியா’ என்று பெயரிட்டார்கள். 2000-ஆம் ஆண்டில் நம் மாகாணத்துச் சொட்வானா விரிகுடாவில், நூறு மீட்டர் ஆழத்துக்குச் சென்ற முக்குளிப்பாளர்கள் உயிருள்ள சீலக்காந்துகளையே கண்டார்கள்.

பிள்ளை வரைந்த சார்டின் படம் கோணலாக இருந்தால் திருத்த வேண்டாம். லாட்டிமரின் படமும் அவசரத்தில் வரைந்ததுதான், ஆனால் முக்கியமானதை விடவில்லை.

ஐந்தாம் படி: இரவு வானம்

மின்வெட்டு இரவுகளைச் சபிக்கும் நாம், தெருவிளக்கு அணைந்த அந்த நேரத்தில் பிள்ளைகளை மாடிக்கு அழைத்துச் செல்லலாம். மே, ஜூன் மாதங்களின் முன்னிரவில் தெற்கே உயரத்தில் திரிசங்கு, அதாவது தெற்குச் சிலுவை நிற்கும். அதைச் சுட்டிக்காட்டும் இரண்டு ஒளிமிக்க விண்மீன்களில் சிலுவைக்குத் தொலைவில் இருப்பது ஆல்ஃபா சென்டாரி. அங்கிருந்து ஒளி நம்மிடம் வர நான்கு ஆண்டுகளுக்கும் சற்று மேலாகிறது.

“அவ்வளவு தூரத்தை யார் போய் அளந்தார்கள்?” என்று கேள்வி வரும். பிள்ளையைக் கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தச் சொல்லி, ஒரு கண்ணை மூடியும் மறு கண்ணை மூடியும் பார்க்கச் சொல்லுங்கள். விரல் இடம் மாறுவதுபோல் தோன்றும். விரலை அருகே கொண்டுவந்தால் அதிகமாகத் தாவும். விண்மீனுக்கு இரண்டு கண்களாக, ஆறு மாத இடைவெளியில் பூமி இருக்கும் இரண்டு இடங்களைக் கொள்ளலாம். அவற்றுக்கிடையே முப்பது கோடிக் கிலோமீட்டர். அவ்வளவு விலகிப் பார்த்தும் ஆல்ஃபா சென்டாரி தாவும் அளவு, ஐந்து ராண்டு நாணயம் மூன்றரைக் கிலோமீட்டர் தொலைவில் தெரியும் அளவுதான். 1832, 1833-இல் கேப் டவுன் வானாய்வு மையத்தில் தாமஸ் ஹெண்டர்சன் அதை அளந்தார். ஆனால் தம் கணக்கை நம்பத் தயங்கி வெளியிடாமல் வைத்திருந்தார். 1838-இல் ஜெர்மனியின் பெசல் வேறொரு விண்மீனின் தூரத்தை வெளியிட்டு முந்திக்கொண்டார். வகுப்பில் விடை தெரிந்தும் கை தூக்காத பிள்ளைகளுக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும்.

தைப்பூசக் காவடி முடிந்து இரவில் கோயிலிலிருந்து திரும்பும்போது வடக்கே பாருங்கள். திருவாதிரை செந்நிறத்தில் தெரியும். தமிழ்நாட்டு விண்மீன் படங்களில் அது மேலேயும் நீலவெண்மையான ரைஜல் என்னும் விண்மீன் கீழேயும் இருக்கும். நமக்கு இரண்டும் தலைகீழ். ஏன் என்பதைப் பந்தின் இரு பக்கங்களில் இரண்டு பொம்மைகளை ஒட்டிப் பார்த்தே பிள்ளைகள் கண்டுகொள்ளட்டும். கனமான விண்மீன்களின் முடிவு என்ன என்பதை 1930-இல், பத்தொன்பது வயதில், இங்கிலாந்து செல்லும் கப்பலில் கணக்கிட்டவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1935-இல் புகழ்பெற்ற வானியலாளர் எடிங்டன் அதை அறிஞர் அவையில் எள்ளி நகையாடினார். நோபல் பரிசு 1983-இல்தான் வந்தது. இந்தக் கதையைப் பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சிறியவர்களுக்கு நிறம் போதும்.

ஆறாம் படி: கதையையே சோதித்தல்

நியூட்டன் தலையில் ஆப்பிள் விழவில்லை. ஆப்பிள் விழுவதைப் பார்த்து யோசித்ததாகவே அவர் முதுமையில் நண்பரிடம் சொன்னார். சிறியது போலத் தோன்றினாலும், கேட்ட கதையைச் சரிபார்க்கும் பழக்கம் இப்படித்தான் தொடங்கும்.

நம் நாட்டில் இதற்கு இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு ஹாமில்டன் நாக்கி. கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் தோட்டக்காரராகச் சேர்ந்தவர். ஒரு நாள் ஆய்வுக்கான ஒட்டகச்சிவிங்கியைப் பிடித்துக்கொள்ள அழைக்கப்பட்டு, அங்கிருந்து ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்து, விலங்குகளுக்கு உறுப்பு மாற்று அறுவை செய்யும் திறமையை அடைந்து, இளம் மருத்துவர்களுக்கே சொல்லிக் கொடுத்தார். 1967 டிசம்பர் 3-இல் கிறிஸ்டியான் பர்னார்ட் செய்த முதல் மனித இதயமாற்று அறுவையில் நாக்கியும் பங்கேற்றார் என்று 2005-இல் அவர் இறந்தபோது பல செய்தித்தாள்கள் எழுதின. பிறகு அது சரியன்று என்று திருத்தம் வெளியிட்டன. இரண்டு பத்திகளையும் பெரிய பிள்ளைகளிடம் கொடுத்து, எதை நம்பலாம், ஏன் என்று பேச விடுங்கள். நடந்தது மட்டுமே போதுமான வியப்பு. அதற்கு மேல் அணி சேர்க்கத் தேவையில்லை.

ஏழாம் படி: ஊருக்குள் ஒரு நாள்

ஆதிமனித எலும்புகள் கிடைத்த, ஜோகன்னஸ்பர்க் பக்கத்து ஸ்டெர்க்ஃபோன்டைன் குகைகளுக்கோ, வடக்கு கேப்பில் அறுபத்து நான்கு தட்டுகளுடன் விண்ணிலிருந்து வரும் வானொலி அலைகளைக் கேட்கும் மீர்காட் தொலைநோக்கி இருக்கும் பாலைக்கோ எல்லோராலும் போக முடியாது. டர்பன் நகர மண்டபக் கட்டடத்திலுள்ள இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்துக்கு ஒரு பேருந்து போதும். அங்கே மொரிஷியஸின் டோடோப் பறவையின் எலும்புக்கூடு இருக்கிறது. அந்த எலும்புகளைக் குகைகளில் தேடிச் சேர்த்த எத்தியேன் திரியூ, போர்ட் லூயிஸ் நகரில் முடிதிருத்தும் தொழில் செய்தவர். அருங்காட்சியகத்தில் எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். ஒரு பொருளின் முன் இருபது நிமிடம் உட்கார்ந்து வரைந்தால் போதும்.

அங்கிருந்து தாவரவியல் பூங்கா. 1895-இல் தாவரவியலாளர் ஜான் மெட்லி வுட், ஓங்கோயே காட்டில், பார்வைக்குப் பனைபோல் இருக்கும் ஒரு சைக்காடு வகை மரத்தைக் கண்டார். ஒரே ஒரு புதர், ஆண் மரம். இன்று வரை பெண் மரம் எங்கும் கிடைக்கவில்லை. அதன் பக்கக்கன்றுகளிலிருந்து வளர்ந்தவை இந்தப் பூங்காவில் நிற்கின்றன. உலகில் அந்த இனத்தில் உள்ள மரங்கள் அனைத்தும் அந்த ஒன்றின் கிளைகளே. பூசணிப் பூவைக் கையால் தடவிய பிள்ளையை இந்த மரத்தின் முன் நிறுத்திவிட்டு நீங்கள் எதுவும் பேச வேண்டாம். என் வகுப்பிலிருந்து வந்த ஒன்பது வயதுச் சிறுவன் வேலியைச் சுற்றி இரண்டு முறை நடந்துவிட்டு, “டீச்சர், காட்டில் எல்லா இடத்திலும் தேடிவிட்டார்களா?” என்று கேட்டான். நோட்டின் கடைசிப் பக்கங்களைத் திருப்பி, அதை அங்கே எழுதச் சொன்னேன்.